எட்டுக் கட்டிகளும் ஒரு சூடான அறையும்

ஜனவரி மாதக் கேஸ் பில்லைப் பார்த்ததும் முடிவு கட்டிவிட்டேன். வீட்டில் திருடன் இருக்கிறான். கேஸில் காய்ந்த வெந்நீர் தரைக்கடிக் குழாய்களில் ஓடித்தான் எங்கள் அறைகள் சூடாகும்; அந்தச் சூட்டைத் திருடுகிறான். இருபத்தெட்டு வருஷம் சுன்சொன் நகரத்தில் பஸ் ஓட்டியவன் நான். ஓசிப் பயணியை மூஞ்சியைப் பார்த்தே பிடிப்பேன். சூடு எம்மாத்திரம்?

உள்ளுக்குள் பயம்தான். என் இடுப்பு போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. சூடான தரையில் படுத்தால்தான் காலையில் எழுந்து நிற்க முடியும். பில் இப்படியே ஏறினால் அந்தத் தரைக்கும் ஆபத்து.

வெறுங்காலோடு வீடெல்லாம் நடந்தேன். கூடம், சில். சமையலறை, சில். கல்யாணமாகிப் போன மகளின் சின்ன அறையில் கால் வைத்தேன். தரை அடுப்பு மாதிரி! மூலையில் போர்வைக்குள் எட்டு உருவங்கள். விலக்கினால் மெஜு. அவித்த சோயாவை இடித்துப் பிடித்த கட்டிகள். சூட்டில் கிடந்து புளித்தால்தான் வருஷம் பூராவும் குழம்புக்கு விழுது.

மனைவியைக் கூப்பிட்டேன். “சுன்ரே! இங்க வா! யாருக்கு இந்தப் போர்வை?”

“கத்தாதீங்க. அதுங்க தூங்குது.”

“என் பென்ஷன்ல எரியற கேஸ்ல சோயா தூங்குதா? கடையில விழுது விக்கலையா?”

“போன வருஷம் வாங்கினேனே. மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டது யாரு?”

நான்தான். பேச்சை மாற்றினேன்.

“இனிமே இந்த வீட்ல ஒரே ஒரு ரூம்தான் சூடா இருக்கும். நாம படுக்கிற ரூம்!”

“அப்புறம் மாத்தக் கூடாது.”

“நான் சொன்னா சொன்னதுதான்!”

சின்ன அறைக்கு வெந்நீர் போகும் குழாயை நானே திருகி மூடினேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமாகி இதுதான் முதல் தடவை. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சாயங்காலம் நடந்துவிட்டு வந்தால், என் இடத்தில், என் போர்வைக்குள், எட்டுக் கட்டிகள். அறை முழுக்கப் புளித்த நாற்றம்.

“என்னடி அநியாயம் இது?”

“ஒரே ரூம்தான் சூடுன்னீங்க. அதுங்க வேற எங்க போகும்?”

“நான் எங்க போறது?”

“நடுவுல இடம் விட்டிருக்கேன், படுங்க. புரளாம படுங்க, உடைஞ்சிடும்.”

மூன்று நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். சுன்ரே அதே நாற்றத்தில் குறட்டை விட்டாள். நாலாம் நாள் தலையணையைத் தூக்கிக்கொண்டு நானாகவே சின்ன அறைக்குப் போனேன். தரை ஐஸ்.

பிப்ரவரி பில் பாதியாகக் குறைந்தது. கீழ்வீட்டு அம்மாள் வாசலில் வந்து ரகசியம் கேட்டாள்.

“எல்லாம் எங்க வீட்டுக்காரர் மூளைதான்!” என்று சுன்ரே பெருமையாகச் சொன்னாள். “என்னங்க, இங்க வந்து அவங்களுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்களேன்!”

போயிருப்பேன். எழுந்திருக்கத்தான் முடியவில்லை.