பெயர்ப் பட்டியலில் ஒரு கைக்குழந்தை

குடும்பம் என்னும் பழம்பெரும் அமைப்பு இன்னும் இடிந்து விழாமல் நிற்கிறதென்றால், அதற்குக் காரணம் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இயங்கும் அனிமேஷன் கம்பெனிதான். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் ஆளுயர எழுத்தில் ‘குடும்பமே எங்கள் உயிர்’ என்று எழுதியிருக்கும். அதைப் பார்க்காமல் யாரும் வருகைப் பதிவு இயந்திரத்தில் விரல் வைக்க முடியாது. வீட்டுக்குப் போகும்போது மட்டும் அது முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

அங்கே மூன்று வருடம் பாடுபட்டு ஏழு நிமிடப் படம் ஒன்றை எடுத்தார்கள். எல்லோரும் கேட்ட கதைதான். ஏழு கடல் ஏழு மலை தாண்டி ஒரு பொந்து, பொந்தில் ஒரு கிளி, கிளிக்குள் ராட்சசனின் உயிர். ராஜகுமாரன் போய்க் கிளியின் கழுத்தைத் திருகுவான்; ராட்சசன் சாவான்; சுபம். அந்தக் கிளிக்கும் குடும்பம் என்று ஒன்று இருந்திருக்குமே என்று இயக்குநருக்கு ஒரு நாள் தோன்றியது. உடனே பதினெட்டுக் கூட்டங்கள் நடந்தன. முதல் கூட்டத்தில் கழுத்தைத் திருகும் கட்டம் ‘குடும்பத்துக்கு உகந்ததல்ல’ என்று நீக்கப்பட்டது. நான்காவது கூட்டத்தில் ராட்சசன் ‘எளிதில் உணர்ச்சிவசப்படும் அங்கிள்’ ஆனார். ஏழு நிமிடத்தில் ஏழு கடல் அடங்காது என்பதால் ஒன்பதாவது கூட்டத்தில் கடல் மூன்றாக வற்றியது. மிஞ்சியது கிளியம்மாவும் இரண்டு குஞ்சுகளும். ராட்சசனின் உயிரை வயிற்றில் சுமந்துகொண்டு, குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு, பத்திரமான பொந்து தேடிப் போகும் சாகசப் பயணம்.

கிளியம்மாவை நடக்கவும் பறக்கவும் வைத்த அனிமேட்டருக்குக் கூட வேலை செய்தவர்கள் வைத்த பட்டப்பெயர் ‘சிறகு’.

அவள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வினாடிக்கு இருபத்து நான்கு படம். இறக்கை அடிக்கும்போது தோள் முதலில் இறங்கும். இறகின் நுனிக்குச் சேதி போய்ச் சேரத் தாமதமாகும்; தோள் மறுபடி மேலே கிளம்பிய பிறகுதான் நுனி கீழே வந்து சேரும். அந்தத் தாமதத்தை விட்டுவிட்டால் பறவை பறக்காது, குடைதான் விரிந்து மூடும். கிளை ஏறுவது இன்னும் ரசமான சங்கதி. கிளிக்கு அலகுதான் மூன்றாவது கால். அலகால் கவ்வி, உடம்பை இழுத்து, பிறகே காலை வைக்கும். கண்ணை மூட நாம் மேலிமையை இறக்குகிறோம். அது கீழிமையை ஏற்றும். இவ்வளவையும் அவள் ஒரு பறவைக் கடை வாசலில் நின்று, கடைக்காரர் ‘வாங்கப் போறீங்களா, இல்லியா?’ என்று விரட்டும்வரை பார்த்துப் பார்த்துக் கற்றாள். பாரத்தோடு ஏறுவதைக் கற்க வெளியே போக வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அப்போது ஏழாம் மாதம், லிஃப்ட் பழுது. கைப்பிடியைப் பற்றி, ஒரு மூச்சு விட்டு, பிறகு கால். கிளியம்மா கிளை ஏறும் நாற்பது வினாடி அப்படி வந்ததுதான்.

தன் காட்சிகளை எல்லாம் முடித்துக் கொடுத்துவிட்டுப் பிரசவ விடுப்பில் போனாள். பெண் குழந்தை. செல்லப் பெயர் மிட்டு. படம் அதற்குப் பிறகு ஐந்து வாரத்தில் தயாரானது.

முதல் காட்சிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கணவனோடு போனாள். படம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடியது. படம் தயாராகும் காலத்தில் ஊழியர்களுக்குப் பிறந்த குழந்தைகளின் பெயரைக் கடைசியில் போடுவது அந்தத் தொழிலில் உள்ள அழகான வழக்கம். ‘படக்குழந்தைகள்’ என்று வந்தது.

“ஏய், நம்ம மிட்டு! எவ்வளவு பெரிய எழுத்துல போட்டிருக்கான் பாரு!” என்றான் கணவன்.

“என் பேரு எங்க?”

“வரும், இரு. அவசரப்படாதே.”

வந்தது அரங்கத்து விளக்கு.

மறுநாளே மனிதவள மேலாளர் முன்னால் போய் நின்றாள்.

“சார், பட்டியல்ல என் பேரு விட்டுப் போச்சு.”

“விட்டுப் போகலம்மா. விதி பதினாலு. படம் முடியற அன்னிக்கு யாரு ஆபீஸ்ல விரல் வெச்சாங்களோ, அவங்க பேருதான் வரும்.”

“அன்னிக்கு நான் லீவுல இருந்தேன். குழந்தை பொறந்து அஞ்சு வாரம்.”

“தெரியுமே! அதனாலதான் உங்க குடும்பத்துக்கு ஒரு இடம் குடுத்தாச்சு.”

“அது என் பொண்ணு சார். அவ படத்துல என்ன வேலை செஞ்சா?”

“பொறந்தாங்க.”

“அப்போ நான்?”

“வீட்ல ஒருத்தர் பேரு வந்தா எல்லார் பேரும் வந்த மாதிரிதானேம்மா. அதுக்குப் பேருதானே குடும்பம்?”

அந்தத் தத்துவ விளக்கத்தோடு ஒரு காகிதத்தையும் கொடுத்தார். அவள் விடுப்பில் இருந்தபோது அவள் பதவி ‘மறுசீரமைப்பு’ செய்யப்பட்டிருந்தது. அதாவது, நாற்காலி இருந்தது; அவள் இல்லை.

வேறு கம்பெனிகளுக்குப் போனாள். எல்லா இடத்திலும் முதல் கேள்வி ஒன்றே: “எந்தப் படத்துல உங்க பேரு வந்திருக்கு?” கிளியம்மா நான் செய்ததுதான் என்பாள். அவர்கள் பட்டியலை ஓட்டிப் பார்ப்பார்கள். பிறகு, திருடியைப் பார்ப்பது போல மரியாதையாகப் பார்ப்பார்கள். கடைசியில் பற்பசை டப்பாவில் சிரிக்கும் பல் வரைகிற வேலை கிடைத்தது. பல்லுக்கு நடை கிடையாது.

இதற்கிடையில் படத்துக்குப் பரிசு கிடைத்தது. ‘ஒரு தாயின் பாரத்தைக் கிளியின் உடம்பில் காட்டிய கை யாருடையது?’ என்று நடுவர்கள் எழுதிக் கேட்டார்கள். ‘கூட்டு முயற்சி’ என்று கம்பெனி அடக்கத்தோடு பதில் எழுதியது.

மிட்டுவுக்கு மூன்று வயதானபோது இரண்டாம் பாகம் தொடங்கியது. பட்டியலில் பெயர் வந்த பதினோரு பேரும் மூன்று மாதம் முயன்றார்கள். பிறகு இயக்குநரிடமிருந்து போன் வந்தது.

“சிறகு, எப்படிம்மா இருக்கே? இங்க நம்ம கிளி பறக்கவே மாட்டேங்குது. குடை மாதிரி விரியுது, மூடுது. கண்ணை மூடினா, கூட்டத்துல தூங்கற ஆபீசர் மாதிரி இருக்கு. நீதான் வரணும். இந்தத் தடவை உன் பேரை நானே நின்னு போடறேன்.”

“வரேன் சார். முதல் பாகத்துல போட்டுடுங்க.”

“அது முடிஞ்சு போன படமாச்சேம்மா. அதுல கை வெச்சா, விதி பதினாலு என்னாகறது?”

பெயர்ப் பட்டியல் என்பது ஒரு நீளமான எழுத்துக் கோப்பு. அதில் ஒரு வரி சேர்த்து, ஓட்டிப் பார்த்து, படத்தின் வாலில் மறுபடி ஒட்ட எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். பதினோரு நிமிடம்.

“அப்போ என்னால ஆகாது சார். எனக்கு அனுபவமே கிடையாதுன்னு உங்க பட்டியலே சொல்லுது. அனுபவம் உள்ளவங்க பக்கத்துலயே இருக்காங்க, அவங்ககிட்டயே கேளுங்க” என்று போனை மகளிடம் கொடுத்தாள்.

“யாரு?” என்றது மிட்டு.

இயக்குநர் வேறு வழியில்லாமல், “பாப்பா, ஆபீசுக்கு வரியா? கிளி இருக்கு” என்றார்.

“கிளி பறக்குமா?”

“இல்ல பாப்பா... இப்போதைக்குப் பறக்கல.”

“அப்போ வரல. எனக்குத் தூக்கம் வருது.”

அன்று மாலையே அவசரக் கூட்டம் நடந்தது. ‘முதல் பாகத்தில் பங்காற்றிய அனுபவமிக்க கலைஞர் ஒருவர் உறக்கம் காரணமாக மறுத்துவிட்டார்’ என்று குறிப்பேட்டில் பதிந்தார்கள். பதினோரு நிமிட வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாலு மணி நேரம் விவாதித்தார்கள். முடிவில், கிளியம்மா இந்தப் பாகத்தில் பறப்பதில்லை, பொந்துக்குள் உட்கார்ந்தே குடும்பத்தை நடத்துகிறாள் என்று ஒருமனதாகத் தீர்மானமாயிற்று. எல்லோரும் கை தட்டிவிட்டு, ‘குடும்பமே எங்கள் உயிர்’ என்ற எழுத்துக்கு முதுகைக் காட்டி வெளியேறினார்கள்.

அந்த எளிதில் உணர்ச்சிவசப்படும் அங்கிளுக்கு ஆயிரம் கெட்ட குணம் உண்டு. ஆனால் தன் உயிர் இருந்த கிளியை அவர் ஒரு நாளும் ‘மறுசீரமைப்பு’ செய்ததில்லை.