கருத்து அக்காவும் காலைப் பலகாரமும்

கேள்வி கேட்பதற்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு, காலம் முழுக்கப் பதில் மட்டுமே சொன்ன பிறவி உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது எங்கள் ஆபீஸில் வேலை பார்த்தது. அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். எங்களுக்கெல்லாம் அவர் கருத்து அக்கா.

ஆபீஸ் தி. நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடி. கேபிள் டிவியோடு சேர்ந்து வெளியூர்க் கம்பெனிகளும் மெட்ராசில் வந்து இறங்கிய தொண்ணூறுகள் அது. இங்கே யார் எந்த சோப்பில் குளிக்கிறார்கள் என்று தெரியாமல் அந்தக் கம்பெனிகளுக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டுச் சொல்வோம். அக்கா தெருவில் இறங்கிக் கேட்கிறவர். நான் அவர் கொண்டுவரும் ஃபாரங்களைச் சரிபார்க்கிறவன்.

இந்தத் தொழிலுக்கு ஒரே விதிதான். அச்சில் உள்ள கேள்வியைப் படி, பதிலை எழுது, முகத்தில் எதையும் காட்டாதே. அப்படி ஒரு முகம் அக்காவிடம் கிடையாது. "நீங்கள் எந்தத் தலை எண்ணெய் உபயோகிக்கிறீர்கள்?" என்று ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பார். அந்த வீட்டு அம்மாள் பெயரைச் சொன்னதும், "அய்ய, அத்தயா தடவிக்கினு கீற? அதாம்மா நெத்தி இம்மாம் அகலமா ஆயிக்கினு போவுது" என்பார்.

ஒருமுறை அடையாறில் ஒரு பேங்க் அதிகாரி வீட்டுக்குப் பற்பசை பற்றி விசாரிக்கப் போனார். பற்பசையை அம்போ என்று விட்டுவிட்டு, அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பெசன்ட் நகரில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். ஃபாரத்தில் 'இதர குறிப்புகள்' என்ற இடத்தில் 'பையன் குடிக்க மாட்டான்' என்று எழுதியிருந்தது. பம்பாயில் இருந்த பற்பசைக் கம்பெனிக்கு அதை எப்படி மொழிபெயர்த்து அனுப்புவது என்று நான் அரை நாள் யோசித்தேன்.

எங்கள் மேனேஜர் மயிலாப்பூர்க்காரர். "ஏம்ப்பா, இந்தம்மாவைக் கேள்வி கேக்க அனுப்பினேனா, உபன்யாசம் பண்ண அனுப்பினேனா?" என்று என்னிடம் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் அக்காவை வேலையை விட்டு அனுப்ப மாட்டார். மற்றவர்கள் போனால் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் பேசுகிற வீடுகளில்கூட அக்காவுக்கு நாற்காலியும் காபியும் வரும்.

இப்படி இருக்கையில் பம்பாயிலிருந்து ஒரு காலை உணவுக் கம்பெனி வந்தது. பாக்கெட்டில் கோதுமைச் சீவல். பச்சைப் பாலை ஊற்றி அப்படியே சாப்பிட வேண்டுமாம். தமிழர்கள் இட்லியை விட மாட்டார்கள் என்று அவர்களுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதனால் தாய்மொழி தமிழாக இல்லாத குடும்பங்களைக் குறிவைத்தார்கள். குஜராத்தி, மலையாளி, உருது பேசுகிறவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள், இவர்கள் காலையில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டு வரச் சொன்னார்கள். மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை அக்காவின் ராஜ்யம்.

ஃபாரங்கள் வந்தன. படித்துப் பார்த்து எனக்கு வேர்த்துவிட்டது. மயிலாப்பூர் குஜராத்தி வீட்டில் புட்டு. அடையாறு மலையாளி டீச்சர் வீட்டில் குஜராத்திப் பலகாரமான டோக்ளா. உருது பேசும் பாய் வீட்டில் அடை. சாந்தோம் ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி வீட்டில் வெண்பொங்கல், தொட்டுக்கொள்ளக் கோலா உருண்டைக் குழம்பு.

"குஜராத்திக்காரா ஆத்துல புட்டா?" என்று மேனேஜர் எழுந்தே விட்டார். "டீக்கடைல உக்காந்துண்டு இஷ்டத்துக்கு ரொப்பிருக்கா!"

எங்கள் தொழிலில் அதுதான் கொலைக்குற்றம். சீவல் கம்பெனியின் பம்பாய்க்காரரே நேரில் வந்து பார்க்கப் போகிறார். பொய் என்று தெரிந்தால் அக்காவுக்கு அன்றோடு வேலை இல்லை என்று முடிவாயிற்று. எத்தனை திட்டினாலும் சிரிக்கிற அக்காவுக்கு அன்று கண் கலங்கிவிட்டது. "வாய் நீளம்னு சொல்லு சார், ஒத்துக்கறேன். பொய் எழுதுனேன்னு மட்டும் சொல்லாத" என்றார்.

ஒரு வாடகைக் காரில் பம்பாய்க்காரர், மேனேஜர், அக்கா, நான் என்று காலையிலேயே கிளம்பினோம். குஜராத்தி வீட்டில் அடுப்பின் மேல் புட்டுக் குடம் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. "அக்கா சொல்லிக் குடுத்தது. குடம் கூட அக்காதான் கொண்டு வந்தது" என்றார் அந்த அம்மாள். குடம் யாருடையது என்பது அடையாறு போனதும் தெரிந்தது. மலையாளி டீச்சர் காரைப் பார்த்ததுமே வாசலுக்கு ஓடி வந்து, "அக்கா, எண்டெ புட்டுக் குடம் எவிடெ?" என்று கேட்டார். அவர் கையில் இருந்த தட்டில் டோக்ளா.

விஷயம் இதுதான். அக்கா ஒரு வீட்டில் ருசி பார்த்ததை அடுத்த வீட்டில் சொல்லியிருக்கிறார். சொன்னதோடு விடாமல், ஃபாரம் வைக்கிற பையில் மாவும் பாத்திரமும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். எந்தச் சமூகம் எதைச் சாப்பிடுகிறது என்று கண்டுபிடிக்க அனுப்பப்பட்டவர், எல்லோரையும் எல்லாவற்றையும் சாப்பிட வைத்துவிட்டார்.

சாந்தோம் ஆன்ட்டி வீட்டில் பொங்கலைச் சாப்பிட்டு முடித்த பம்பாய்க்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் அவர் வியாபாரி. தன் பையிலிருந்து சீவல் பாக்கெட்டை எடுத்து அக்கா கையில் வைத்தார். இதையும் இதேமாதிரி வீடு வீடாகச் சொல்ல வேண்டும், சம்பளம் இரட்டிப்பு என்றார். மேனேஜர் முகத்தில் தீபாவளி.

அக்கா பாக்கெட்டைப் பிரித்து, ஆன்ட்டியிடம் கிண்ணமும் பாலும் வாங்கி, ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். மெதுவாக மென்றார்.

"மழைல நனஞ்ச அட்டப் பொட்டி மாறி கீது சார்."

"அம்மா, ருசியை விடுங்கோ. சொன்னா போறும். வேலை நெலைக்கும்" என்று மேனேஜர் கெஞ்சினார்.

"புடிச்சா சொல்லுவேன், புடிக்கலன்னா திட்டுவேன். துட்டு வாங்கிக்கினு நல்லா கீதுன்னா, அப்பால எந்த மூஞ்சிய வச்சிக்கினு இவங்க வூட்டுப் படி ஏறுவேன்?"

பம்பாய்க்காரரின் சிரிப்பு நின்றது. அப்படியானால் இந்த அம்மாள் கணக்கெடுப்பையே கெடுக்கிறவர், இவர் இருக்கிற ஆபீஸோடு எங்களுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சமயத்தில் எங்கள் ஆபீஸுக்கு அந்தக் கம்பெனியை விட்டால் வேறு கதியில்லை. மேனேஜர் அன்று மாலை அக்காவை வேலையிலிருந்து நிறுத்தியபோது தலையில் அடித்துக்கொள்ளவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். "நீ அழாத சார், நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்று அக்காதான் அவரைத் தேற்றிவிட்டுப் படி இறங்கினார்.

அக்கா ஏரியா என் தலையில் விழுந்தது. விதிப்படி ஒரு முகத்தை மாட்டிக்கொண்டு போனேன். சங்கிலி போட்ட கதவுகள். உண்டு, இல்லை, தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தோம் ஆன்ட்டி வீட்டுக்குப் போய், அக்கா வேலையில் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அவ இங்க வர்றதுக்கு வேலை எதுக்கு மேன்?" என்றார் ஆன்ட்டி.

உள்ளே சமையலறையில் யாரையோ, "இப்டியா வெங்காயம் அரிவாங்க?" என்று ஒரு குரல் காய்ச்சி எடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை எழுத எந்த ஃபாரத்திலும் இடம் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, திட்டு வாங்க நானும் உள்ளே போனேன்.