கர்ச்சீப் சாரின் நான்கு வீடுகள்

கிழக்குத் தாம்பரத்தில் தொடங்கி அனகாபுத்தூர் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும் கர்ச்சீப் சாரைப் போலக் குழம்பக்கூடிய இன்னொரு மனிதர் கிடைக்க மாட்டார். குழப்பத்தில் அவர் ஒரு சக்கரவர்த்தி. நான் வேலை பார்த்த தொலைபேசி இலாகாவும் குழப்பத்துக்குப் பேர் போனதுதான். ஆனாலும் அவருக்கு முன்னால் நாங்களெல்லாம் கத்துக்குட்டிகள். இத்தனைக்கும் மனிதர் ரயில் தபால் சேவையில் முப்பது வருஷம் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உங்களுக்கு வர வேண்டிய கடிதம் ஏதாவது அந்த நாட்களில் வராமல் போயிருந்தால், எனக்கு ஒரு யூகம் உண்டு.

தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வீடு சேலையூரில் இருந்தது. அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். பெரிய டாக்டர் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. ஆசைப்பட்டதைச் சாப்பிடக் குடுங்க" என்று எங்களிடம் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்கு என்ன பொருள் என்று தமிழ்நாட்டில் தெரியாதவர் கிடையாது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பாவின் காதில் அது விழவில்லை. ஆட்டோவைக் கூப்பிடுவதற்குள் அம்மா எனக்கு உத்தரவு போட்டுவிட்டாள். அப்பாவுக்கு வந்திருப்பது அல்சர். வீட்டில் வேறு எந்த வார்த்தையும் காதில் விழக் கூடாது.

"உண்மை தெரிஞ்சா அன்னிக்கே மனசு விட்டுடுவார்டா" என்றாள்.

இப்படி நாங்கள் அல்சரோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கதர்ச் சட்டையும் துணிப்பையுமாக ஒருவர் உள்ளே வந்தார். நேராக அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னா சார், நல்லா தூங்கினீங்களா?"

"பரவாயில்லை" என்றார் அப்பா.

அம்மா காபி கொடுத்தாள். அவர் குடித்தார். அப்பாவுக்கு நகம் வெட்டிவிட்டார். பாத்ரூமை ஒரு நோட்டம் விட்டு, "கைப்பிடி ஒண்ணு வெக்கணும் தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த செவ்வாயும் வந்தார். அதற்கடுத்த செவ்வாயும் வந்தார். உடம்பு சரியில்லாதவரைப் பார்க்க வந்தவரிடம் "நீங்க யாரு?" என்று கேட்பது நம் வழக்கமா? மூன்று வாரம் யாரும் கேட்கவில்லை.

நாலாவது வாரம் அப்பாதான் பேச்சை எடுத்தார். "உன் சித்தப்பா பையன் ஷேவிங் நல்லாவே பண்ணிவிடறார்."

அம்மா திகைத்துப் போனாள். "என் சித்தப்பா பையனா? அவர் உங்க ஆபீஸ்காரர் இல்லையா?"

"என் ஆபீஸ்ல யாருக்கும் இவ்வளவு பொறுமை கிடையாது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் அவரை வீட்டு புரோக்கர் என்று நினைத்திருந்தேன். பாத்ரூமைப் பார்க்கிறார், கட்டில் உயரத்தைச் சாணால் அளக்கிறார், வேறு என்ன நினைக்க? அப்பா போவதற்குள் வீட்டை விற்க அம்மா ஏற்பாடு செய்கிறாளோ என்று மூன்று வாரமாக அவள்மேல் உள்ளூரக் கோபத்தில் வேறு இருந்தேன்.

அடுத்த முறை அவர் வந்ததும் வாசலிலேயே மடக்கினேன். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க யாரு?"

அவர் முகம் தொங்கிவிட்டது. "மொத நாளே வெலாவாரியா சொன்னேனே தம்பி."

சொல்லியிருக்கிறார்தான். எங்களிடம் சொல்லவில்லை. அனகாபுத்தூரில் ஒரு நெசவாளர் வீட்டில் தன்னைப் பற்றி இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். இரண்டாவது தடவை அவர்கள் மரியாதைக்காகப் புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொண்டார்களாம்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரி கைவிட்டு வீட்டுக்கு அனுப்பிய நோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் ஒரு சின்னக் குழு அப்போது எங்கள் பக்கத்தில் இருந்தது. ஓய்வு பெற்றவர்களும் குடும்பப் பெண்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர். சனிக்கிழமைகளில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சர்ச் ஹாலில் கூடி, யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பிரித்துக்கொள்வார்கள். போகிற வீட்டில் காபியைத் தவிர எதையும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் எங்கள் விலாசத்தை அவர்களிடம் கொடுத்திருக்கிறார். கர்ச்சீப் சாருக்கு நான்கு வீடுகள் ஒதுக்கியிருந்தார்கள். அவருடைய தலைக்கு அது மூன்று வீடு அதிகம்.

வேலையில் குறை சொல்ல முடியாது. படுக்கைப் புண் வராமல் அப்பாவை எப்படிப் புரட்டுவது என்று அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். "நான் கீறேன், நீங்க ஒரு மணி நேரம் வெளியில போய்ட்டு வாங்க மா" என்று அவளைப் பிடிவாதமாக அனுப்பி வைத்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அம்மா மாடம்பாக்கம் கோயிலுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் தலையில் பூ இருந்தது.

பேச்சில்தான் ஆபத்து. ஒரு நாள் அப்பாவின் முகத்தில் சோப்பு நுரையைப் பூசிக்கொண்டே, "மாடு எப்டி கீது சார்?" என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் மாடு கிடையாது. நாய்கூடக் கிடையாது. அப்பா பொதுப்பணித் துறையில் கட்டட வரைபடம் போட்டவர். வாழ்நாளில் ஒரு கோடு கோணலாகப் போட்டதில்லை, ஒரு ஜோக் அடித்ததில்லை. கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி இருந்துவிட்டு, "ராத்திரி பூரா கத்திட்டே இருந்தது" என்றார்.

"சென மாடு அப்டித்தான் சார்."

அடுத்த வாரம் அந்த மாடு கன்று போட்டது. கிடேரிக் கன்று என்று அப்பா முகத்தில் சலனமே இல்லாமல் அறிவித்தார். கர்ச்சீப் சாருக்கு ஒரே சந்தோஷம். நேராக மாடம்பாக்கத்து வீட்டுக்குப் போய் வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். அங்கே கட்டியிருந்தது வண்டி இழுக்கும் காளை. இந்தக் கதை எங்கள் காதுக்கு வந்த அன்று அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சமையலறையில் நின்றுகொண்டு, "இல்லாத மாட்டை வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் என்னதான் பண்றாங்க?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் புரியவில்லை.

தன் மறதி அவருக்கே தெரியும். அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். அனகாபுத்தூருக்கு வெள்ளைக் கர்ச்சீப், குரோம்பேட்டைக்கு நீலக் கட்டம், மாடம்பாக்கத்துக்குப் பழுப்புக் கரை, எங்களுக்கு மஞ்சள். ஒவ்வொன்றின் மூலையிலும் முடிச்சு. "ஒரு முடிச்சுன்னா நோயாளிக்குத் தெரியாது, வூட்ல கீறவங்களுக்குத் தெரியும். ரெண்டுன்னா நோயாளிக்கு மட்டும்தான் தெரியும். முடிச்சே இல்லேன்னா எல்லாருக்கும் தெரியும், தாராளமா பேசலாம்" என்று வாசலில் வைத்து எனக்கு விளக்கினார்.

"எங்க வீட்டுக்கு ஒண்ணுதானே சார்?"

மஞ்சள் கர்ச்சீப்பை வெளியே எடுத்தார். மூன்று முடிச்சு இருந்தது.

"மூணுன்னா என்ன?"

அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். "அத்த சொல்லக் கூடாது தம்பி. எனக்கே பேஜாரா கீது" என்று மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அந்த மூன்றாவது முடிச்சின் அர்த்தம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்த கொஞ்ச நாளிலேயே, தனியாக இருந்தபோது அப்பா அவரிடம், "எனக்கு வந்திருக்கறது என்னன்னு தெரியும். என் சம்சாரத்துக்குத் தெரியாது, தாங்க மாட்டா. சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். சமையலறையில் அம்மாவும் இதையேதான் அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அம்மாவுக்காக ஒன்று, அப்பாவுக்காக இரண்டு, ஆக மூன்று முடிச்சு. அப்பா இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். கடைசியில் ஆஸ்பத்திரிக்கு மட்டும் போகக் கூடாது, இந்தக் கட்டிலிலேயே, அவள் பக்கத்தில் இருக்கும்போதே போக வேண்டும். ஆனால் அதை அம்மாவிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் தனக்குத் தெரியும் என்பது தெரிந்துவிடுமே.

இது எதுவும் தெரியாத நான், அருமை மகனாக லட்சணமாக, ஒரு நர்சிங் ஹோமில் புதன்கிழமை அட்மிஷனுக்கு ஏற்பாடு செய்திருந்தேன். அப்பாவுக்குச் சாப்பாடு உள்ளே நிற்கவில்லை. மூக்கில் குழாய் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்றார்களே தவிர, வீட்டுக்குத் திருப்பி அனுப்புவோம் என்று யாரும் சொல்லவில்லை. எதையும் செய்யாமல் விட்டுவிட்டான் என்று உறவில் ஒரு பேச்சு வந்துவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு. அல்சருக்குச் சின்னதாக ஒரு ஆபரேஷன் என்று அப்பாவிடம் சொன்னேன். "சரி" என்றார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாரே என்று எனக்கு நிம்மதி.

செவ்வாய்க்கிழமை வந்தது. அந்த வாரம் பார்த்து, தங்கை வீட்டுக்குப் போயிருந்த கர்ச்சீப் சாரின் மனைவி ஊர் திரும்பியிருக்கிறார். நாலு கர்ச்சீப்பையும் முடிச்சு அவிழ்த்து, சோப்பில் ஊறப் போட்டு, கஞ்சி போட்டு, மொடமொடவென்று இஸ்திரியும் போட்டுப் பையில் வைத்துவிட்டார்.

அவர் உள்ளே நுழைந்தபோது அம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் வேட்டிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன்.

"இன்னா மா, மூட்ட கட்டிகினு கீறீங்க?"

"நாளைக்கு அட்மிட் பண்றோம் சார். அல்சருக்குச் சின்னதா ஒரு ஆபரேஷன்" என்று சொல்லி அம்மா கண்ணைக் காட்டினாள்.

கர்ச்சீப் சார் பைக்குள் கைவிட்டு மஞ்சள் கர்ச்சீப்பை எடுத்தார். முடிச்சு இல்லை. புரட்டிப் பார்த்தார். அந்தப் பக்கமும் இல்லை. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அவரைத் தெரிந்த நாளிலிருந்து அப்படி ஒரு தெளிவை நான் பார்த்ததில்லை.

"இன்னும் இன்னாத்துக்கு மா அல்சர் கில்சர்னு? அதான் எல்லாருக்கும் தெரியுமே. ஆஸ்பத்திரி வேணாம், இந்தக் கட்டில்லியே இருந்துட்றேன்னு உங்கள கேக்கணும்னு சார் ஒரு மாசமா சொல்லிகினு கீறாரு. இன்னா சார், கேட்டீங்களா இல்லியா?"

அம்மாவின் கையில் ஒரு வேட்டி பாதி மடிப்பில் இருந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் அப்பாவிடம்.

"உனக்குத் தெரியுமா?" என்றார் அப்பா.

கர்ச்சீப் சார் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கர்ச்சீப்பைப் பார்த்தார். "இது... அந்த வூடு இல்லியா?" என்று மெல்லக் கேட்டார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய், என் செருப்பில் ஒன்றையும் அப்பாவின் செருப்பில் ஒன்றையும் மாட்டிக்கொண்டு வேகமாக நடந்துவிட்டார்.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்கு வந்தது கோபம். "ரெண்டு மாசமா தெரிஞ்சுக்கிட்டே இருந்தீங்களா? நான் பாத்ரூம்ல போய் ஒளிஞ்சு ஒளிஞ்சு அழுதுட்டிருந்தேன்."

"தெரியும்" என்றார் அப்பா. "குழாயைத் திறந்து விட்டுட்டு அழுவே. இந்தத் தண்ணிக் கஷ்டத்துல இப்படி வீணாக்கறாளேன்னு தினமும் சொல்ல வாய் வரும். சொல்ல முடியலை."

அம்மா சிரித்துவிட்டாள். அப்புறம்தான் அழுதாள். இந்த முறை குழாய் எதையும் திறக்காமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு என்னைக் கடைக்கு அனுப்பினார்கள். என்ன வாங்கி வர வேண்டும் என்று இருவருமே சொல்லவில்லை. போகிற வழியில் ஒரு பொதுத் தொலைபேசியில் நர்சிங் ஹோமைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த செவ்வாய் கர்ச்சீப் சார் வரவில்லை. செருப்பைக் கேட்கும் சாக்கில் பல்லாவரத்தில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். மனிதர் மூலையில் உட்கார்ந்திருந்தார். "வேணாம் தம்பி. நான் இதுக்கு லாயக்கில்ல. சனிக்கெழம போய் என் பேர அடிச்சிடச் சொல்லப் போறேன்" என்றார். அவர் மனைவி கதவோரம் நின்று, "தப்பு என்னுதுதான் தம்பி. அழுக்கா கீதேன்னு தோய்ச்சேன். அதுல இத்தினி வெவகாரம் கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்குச் சமாதானம் பேசத் தெரியாது. "அப்பாவுக்குத் தாடி வளர்ந்து கிடக்கு. நான் ஷேவ் பண்ணினா கன்னத்தைக் கிழிச்சுடறேன்" என்றேன். அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அப்பா ஐந்து வாரம் இருந்தார். அந்த ஐந்து வாரத்தில் அப்பாவும் அம்மாவும் பேசியது, நான் பிறந்த நாளிலிருந்து பேசியதைவிட அதிகம் என்று நினைக்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு வேளையில், அந்தக் கட்டிலில், அம்மாவின் மடியில் கை இருக்கும்போதே அப்பா போனார். கர்ச்சீப் சார்தான் கடைசியாக ஷேவ் பண்ணிவிட்டார். ஒரு கீறல் விழவில்லை.

காரியமெல்லாம் முடிந்த அடுத்த செவ்வாய், காலை பத்து மணிக்குத் துணிப்பையோடு மறுபடி வந்து நின்றார். ஸ்டூலைத் தேடி எடுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாவம், மறந்துவிட்டார் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த வாரமும் வந்தார். மூன்று மாதம் இப்படியே போனது. குழம்பிய மனிதரிடம் உண்மையைச் சொல்லாமல் இருப்பதும் பாவம்தானே என்று, ஒரு நாள் வாசலில் நிறுத்தி மெதுவாகச் சொன்னேன்.

"சார், அப்பா போய் மூணு மாசமாச்சு."

"தெரியுமே தம்பி" என்றார். "அதான் அம்மா கீறாங்களே."

நான் வழிவிட்டு நின்றேன். உள்ளேயிருந்து காபியை ஆற்றிக்கொண்டே வந்த அம்மா, "வாங்கண்ணா" என்றாள். கூடப் பிறந்தவர்கள் இல்லாமல் ஒற்றைப் பெண்ணாக வளர்ந்தவள் அவள். அந்த வார்த்தையை அவள் வேறு யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.