வெண்கலத்தின் புனல்

வெண்கலம் குரலை இழந்த பிறகுதான் அதிகம் பேசினார். நம்பாதவர்கள், செந்துறையிலிருந்து அரியலூருக்கு பஸ்ஸில் போகும் யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் தினம் போகும் தனியார் பஸ்ஸின் கண்டக்டர் அவர். செந்துறையில் நின்று "அரியலூர்ர்ர்" என்று கூவினால் ஜெயங்கொண்டத்தில் இருப்பவன் பையைத் தூக்குவான். அந்த வெண்கலக் குரலால் வந்த பெயர். பிறகு தொண்டையில் கேன்சர் வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். சிகிச்சை முடிந்தது, நோயும் போனது. மூச்சு மட்டும் கழுத்தில் போட்ட துளை வழியாக. பேசுவதற்கு, டார்ச் லைட் மாதிரி ஒரு மெஷினைக் கழுத்தில் வைத்து அழுத்த வேண்டும். இனி வெண்கலம் என்றால் மனசு நோகுமே என்று பெயரை மாற்றிக் கூப்பிட்டோம். மனுஷன் திரும்பியே பார்க்கவில்லை.

குரல் போனால் காதும் போய்விடும் என்பது எங்கள் ஊர் வைத்தியம். அவர் வேலைக்குத் திரும்பிய அன்றே ஓர் அம்மா அவர் காதருகே போய், "உடம்பு தேவலையா?" என்று பஸ் அதிரக் கத்தினார்.

மெஷின் கரகரத்தது: "காது நல்லாத்தாங்க இருந்துச்சு. இப்பதான் போச்சு."

இன்னொருவர் இரக்கப்பட்டு எழுந்து சீட் கொடுத்தார்.

"நான் உக்காந்துட்டா டிக்கெட்டு நீங்க குடுப்பீங்களா?"

முதலாளிக்குத்தான் பயம். அன்று சாயங்காலமே கூப்பிட்டுச் சொன்னார்: "ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காரு வெண்கலம். அதே சம்பளம். விசில் ஊத முடியாதவன எப்புடி வண்டியில வுடறது?"

அதுவும் நியாயம்தான். வாயில் காற்றே வராதவர் எதை வைத்து ஊதுவார்? ஆனால் வெண்கலத்துக்கு முகமே செத்துவிட்டது. "ஃபேன் பாக்கவா மொதலாளி பொழச்சு வந்தேன்? நாளைக்கு ஒரு நடை வந்து பாருங்க."

மறுநாள் முதலாளி படிக்கட்டுப் பக்க சீட்டில் உட்கார்ந்தார். வெண்கலம் பையிலிருந்து எண்ணெய் ஊற்றும் சின்னப் புனல் ஒன்றை எடுத்தார். அதன் வாலில் விசிலைச் சொருகி டேப் சுற்றியிருந்தார். கழுத்துத் துண்டை விலக்கினார். புனலைத் துளைமேல் பொத்தி மூச்சை விட்டார் பாருங்கள், இரண்டு விசில்! டிரைவர் வண்டியை எடுத்த வேகத்தில் முதலாளி பக்கத்து ஆள் மடியில் கிடந்தார்.

அரியலூரில் இறங்கும்போது முதலாளி, "பொனல டெய்லி கழுவி வச்சுக்க" என்றார். வேலை உத்தரவு அவ்வளவுதான்.

இப்போது நான் பைக் வாங்கிவிட்டேன். ஆனாலும் பாதி நாள் பஸ்தான். மனைவி கேட்டால் முதுகுவலி என்கிறேன். அந்த மனிதர் கூட்டத்தை இடித்துக்கொண்டு என் பக்கம் வருவதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், எனக்கு அன்றைக்கு நிம்மதி.