காரமடை மாப்பிள்ளையும் பாக்ஸ்புரோவும்

"எம்பட புள்ளைக்கு நூத்தி இருவத்தாறு வயசா? கண்ணத் தொறந்து வெச்சுட்டுத்தான் பேசறீங்களா?"

செவ்வந்தி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தறி நின்றது. கருமத்தம்பட்டியில் தறியை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள் என்றால் அது சாதாரணச் சண்டையில்லை.

"நான் சொல்லலே அம்மணி, கம்ப்யூட்டர் சொல்லுது," என்றார் அவள் புருஷன் தனபால்.

விஷயம் இதுதான். ஐம்பத்திரண்டு வயதில் தனபாலுக்குப் பரணிலிருந்து ஒரு பிளாப்பி கிடைத்தது. தொண்ணூற்றைந்தில் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தபோது, பாக்ஸ்புரோ என்ற அந்தக் காலத்து மென்பொருளில் செய்து கொடுத்த புராஜெக்ட். ஜோடிப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம். மகள் ரித்திகா, தன் கழுத்துக்கே கத்தி வருமென்று தெரியாமல், அந்தக் காலத்துச் சமாச்சாரமெல்லாம் லேப்டாப்பில் ஓட வழி செய்து கொடுத்தாள். நீலத்திரை எழும்பியதும் மனிதருக்கு இருபத்தொரு வயசு. சொந்தத் தறிப்பட்டறைப் பக்கம் நாலு நாளாக எட்டிப் பார்க்கவில்லை.

ரித்திகாவுக்கும் காரமடை சுரேந்தருக்கும் ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். சரவணம்பட்டியில் ஒரே கட்டடத்தில் வேலை. பிடித்துப்போய்த்தான் வீட்டில் சொன்னார்கள். ஜோசியரும் சரி என்றுவிட்டார். தனபாலுக்குத்தான் கை நமநமவென்றது. "நம்ம புரோகிராமும் ஒரு வார்த்தை சொல்லிரட்டும்" என்று உட்கார்ந்தார்.

"அப்பா, அது வருசத்துக்குக் கடைசி ரெண்டு நம்பர்தானுங்கப்பா எடுக்கும். ரெண்டாயிரத்துல பொறந்த என்னை ஆயிரத்துத் தொள்ளாயிரத்துல பொறந்ததா நெனச்சுக்குது."

"எனக்கேவா கண்ணு? இத எழுதுனவனே நாந்தான்."

எல்லாருக்கும் நூறு வருசம் கூட்டினார். ரித்திகா இருபத்தாறுக்கு இறங்கினாள். தொண்ணூற்றேழாம் வருசத்து மாப்பிள்ளை ரெண்டாயிரத்துத் தொண்ணூற்றேழுக்குப் போய்விட்டார்; பிறக்க இன்னும் எழுபத்தோரு வருசம் இருந்தது.

"அதுவரைக்கும் காத்திருக்கோணுமாக்கும்?" என்றாள் செவ்வந்தி.

மறுபடி தட்டினார். வயசெல்லாம் சரியாக வந்தது. கடைசியில் ஒரு வரி: 'பொருந்தாது. பங்காளி.'

தனபாலுக்கு வேர்த்துவிட்டது. ஒரே கூட்டத்தில், அதாவது ஒரே குலத்தில், பிறந்தவர்கள் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. யாரையும் கேட்காமல் மாப்பிள்ளையின் அப்பா தம்பிதுரைக்குப் போன் போட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. தம்பி எம்பட புள்ளைக்கு அண்ணன் முறை ஆகுதுங்க."

"ஏனுங்க, நாங்க வேற கூட்டம், நீங்க வேற கூட்டம். ஊருக்கே தெரியுமுங்க!"

"ஊருக்குத் தெரியாம இருந்திருக்கலாமுங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுங்க."

"அப்ப அந்தக் கம்ப்யூட்டருக்கே பொண்ணக் கட்டிக் குடுங்க!"

போன் கட்டாகிவிட்டது. ரித்திகா அழவில்லை. பையை எடுத்து நாலு துணி திணித்தாள். "நான் காரமடைக்குப் பஸ் ஏறறேன். நிச்சயமெல்லாம் நீங்க லேப்டாப் கூடப் பண்ணிக்குங்க."

"நில்லு கண்ணு," என்ற செவ்வந்தி புருஷன் பக்கம் திரும்பினாள். "நம்ம ரெண்டு பேரு பேரையும் அதுல போடுங்க."

"நமக்கெதுக்கு இப்ப..."

"போடுங்கன்னா போடுங்க!"

போட்டார். பொருந்தாது. பங்காளி.

"அப்ப இருவத்தெட்டு வருசமா அண்ணங்கூடவா குடும்பம் நடத்திப்போட்டேன்?"

இந்தத் தடவை எதிர்வீட்டுக்காரரே கேட் வரை வந்து நின்றார்.

தம்பிதுரையிடம் "கம்ப்யூட்டருக்கு மேலுக்குச் சொகமில்லீங்க" என்று தனபால் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. நிச்சயம் நடந்தது. ஆவணியில் கல்யாணமும் ஆகி, சின்னஞ்சிறுசுகள் மாற்றல் வாங்கிக்கொண்டு பெங்களூருக்குக் குடிபோயாயிற்று. அவர்களை வண்டியேற்றிவிட்டு, சம்பந்திகள் இருவரும் கருமத்தம்பட்டியில் கை நனைத்துவிட்டுப் போக வந்தார்கள். தனபால் சும்மா இருப்பாரா? நீலத்திரையைத் திறந்து வைத்துக்கொண்டார்.

"அத்தனையும் நானா எழுதுனதுங்க. அந்தப் பங்காளி மட்டும் எங்கிருந்து வருதுன்னே புடிபடலீங்க."

அதுவரை வாயே திறக்காத சம்பந்தியம்மா மோகனப்பிரியா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைக் கீழே தள்ளித் தள்ளிப் படித்தார். பிறகு தனபாலை ஒரு பார்வை பார்த்தார்.

"கோயமுத்தூரு சென்டர்ல எம்பட புராஜெக்ட எவனோ காப்பியடிக்கறான்னு தெரிஞ்சு, எந்த ஜோடியப் போட்டாலும் பங்காளின்னு வாரமாதிரி எழுதி வெச்சது நாந்தானுங்க."