வியாழக்கிழமைக்குள் அண்ணன் படிக்க வேண்டியது

பேரன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். அங்கே நீங்களும் நலமாகவே இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களுக்குக் காது மந்தம். நான் கத்த வேண்டும், நீங்கள் திருப்பிக் கத்துவீர்கள், வார்டில் இருக்கும் மற்ற பதினோரு பேருக்கும் கேட்கும். அவர்களில் பலருக்கு எங்கள் கம்பெனியின் மருந்து ஏற்றும் பம்ப்தான் மாட்டியிருக்கிறது.

வியாழக்கிழமை உங்களுக்குப் பித்தப்பை ஆபரேஷன் என்று அண்ணி சொன்னார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "தம்பி, உங்க அண்ணன் நர்ஸம்மாகிட்ட சண்டை போட்டு உங்க கம்பெனி மிஷினையே கேட்டு வாங்கி வெச்சிருக்காரு. 'என் தம்பி கை படாம ஒரு மிஷின் வெளிய போகாது'ன்னு பெரிய டாக்டர்கிட்டயே சொல்லிட்டாரு" என்று பெருமையாகச் சேர்த்துச் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக நீங்கள் என்னைப் பிறத்தியார் முன்னால் புகழ்ந்திருக்கிறீர்கள். தயவுசெய்து அதை வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். மருந்தை மணிக்கு இத்தனை மில்லி என்று அளந்து உடம்பில் ஏற்றுவது எங்கள் பம்பின் வேலை. உள்ளே நகம் அளவு ஒரு சில்லு, அதற்குள் ஒரு மென்பொருள். போன வருஷக் கடைசியில் அதைப் புதிதாக எழுதி, நாற்பது பம்புகளில் ஏற்றி, உங்கள் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு நாள் காலை எங்கள் சோதனை அறையைக் கூட்ட வந்த அம்மா, தன் தூசி உறிஞ்சும் மிஷினைச் சொருக இடமில்லாமல், ஓடிக்கொண்டிருந்த பம்பின் ப்ளக்கைப் பிடுங்கி, என் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே திரும்பச் சொருகினார். பம்ப் நல்ல பிள்ளையாக மறுபடி ஓடியது. திரையில் மணிக்கு ஐந்து மில்லி என்றே காட்டியது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அளவுக் குடுவையில் ஐம்பது இறங்கியிருந்தது. உங்களுக்கு அதில் ஏறப்போவது வலி மருந்து, அண்ணா. ஐந்து போனால் தூங்குவீர்கள். ஐம்பது போனால் மூச்சு விட மறந்துவிடுவீர்கள்.

நானே நாற்பது தடவை பிடுங்கிச் சொருகினேன். இரண்டு தடவை அப்படி ஆனது. மேலாளரிடம் ஓடினேன். "நாப்பதுக்கு ரெண்டா? நீங்க புடுங்குன விதத்துல ஏதாவது இருக்கும் சார். மனுஷன் கைய எப்படி ஆதாரமா எடுத்துக்கிறது?" என்றார். தானாகவே ஆயிரக்கணக்கான தடவை சோதித்துப் பார்க்கும் ஒரு ஃப்ரேம்வொர்க், அதாவது சோதனைகளை வரிசையாக ஓட்டி முடிவு சொல்லும் ஒரு மென்பொருள் ஏற்பாடு, வேண்டும் என்றார். நியாயம்தான். நானும் தலையாட்டினேன். அதைத் தேர்ந்தெடுக்க ஒரு கமிட்டி போட்டார்கள். மேலாளர், கொள்முதல் அதிகாரி, மென்பொருள் எழுதிய அம்மாள், நான். கமிட்டி உட்கார்ந்து நாலு மாதம் ஆகிறது. ஃப்ரேம்வொர்க் முடிவாகும் வரை எதையும் குறை என்று பதிவு செய்யக் கூடாது என்பது முதல் கூட்டத்தின் தீர்மானம்.

முதலில் வந்த ஃப்ரேம்வொர்க் கம்ப்யூட்டரில் மட்டும் ஓடும். பம்ப் தேவையில்லை, பம்ப் மாதிரி ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பாவித்துக்கொள்ளும். ஆறாயிரம் சோதனையிலும் தேறிவிட்டது. "ப்ளக்கை எங்கே பிடுங்குவது?" என்று கேட்டேன். அந்தப் பம்புக்கு ப்ளக்கே கிடையாதாம். இரண்டாவது, சில்லுக்குள்ளேயே போய் உட்கார்ந்து சோதிக்கும். நல்ல யோசனை. ஆனால் சில்லில் அதற்கு இடமில்லை. மென்பொருள் எழுதிய அம்மாள் இரண்டு நாள் யோசித்து, "அலாரத்தத் தூக்கிட்டா இடம் கெடைக்கும். சோதிக்கிற வரைக்கும்தானே சார்" என்றார். அலாரத்தைத் தூக்கினோம். அதற்கப்புறம் சோதனையில் என்ன தப்பு நடந்தாலும் சத்தமே வரவில்லை. கமிட்டிக்கு மிகுந்த திருப்தி.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. நிஜப் பம்பைப் பெட்டிக்குள் வைத்தால், மின்சாரத்தைத் தானே வெட்டும், தானே கொடுக்கும், குடுவையைத் தானே எடை போட்டுப் பார்க்கும். விற்க வந்தவர் பெட்டியை வைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை அறிக்கையில் பெரிய பச்சை எழுத்தில் 'தோல்வி: பூஜ்யம்'. மேலாளர் கைதட்டினார், எல்லோரும் தட்டினோம், நானும் தட்டினேன். மூன்று வாரம் தினமும் தட்டினோம். நாலாவது வாரம் நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அடுத்த வரியையும் படித்தேன். 'ஓட்டிய சோதனைகள்: பூஜ்யம்.' பெட்டிக்குப் போகும் கம்பியை யாருமே மாட்டவில்லை. மேலாளரிடம் காட்டினேன். அவர் முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டு, "ஆனா தோல்வி இல்லைங்கிறது உண்மைதானே?" என்றார்.

கம்பியை மாட்டலாமே என்கிறீர்களா? நானும் அதைத்தான் சொன்னேன். மாட்டினால் அறிக்கை சிவப்பாகும், சிவப்பானால் இந்த மூன்று வாரம் என்ன என்று மேலே கேட்பார்கள், ஆகவே ஃப்ரேம்வொர்க்கை முறைப்படி தேர்ந்தெடுத்த பிறகு மாட்டலாம் என்று முடிவாயிற்று. பொறுக்க முடியாமல் உங்கள் மருத்துவமனைக்கே ஒரு கடிதம் எழுதினேன். அவர்கள் அதை 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதி எங்கள் மேலாளருக்கே அனுப்பிவிட்டார்கள். அவர் அதை அடுத்த கூட்டத்தின் ஏழாவது பொருளாகச் சேர்த்திருக்கிறார். ஆறாவது பொருள், அறிக்கையின் பச்சை இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக இருக்கலாமா என்பது.

ஆகவே அண்ணா, நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, தம்பி கம்பெனி மிஷின் வேண்டாம், பழையபடி பாட்டிலைத் தொங்கவிட்டுச் சொட்டை எண்ணுங்கள் என்று சொல்லுங்கள். காரணம் கேட்டால் தம்பியோடு பேச்சுவார்த்தை இல்லை என்று சொல்லுங்கள், அதை எல்லோரும் நம்புவார்கள். அப்படியே பக்கத்துக் கட்டில்காரர் காதிலும் போட்டுவையுங்கள். மெதுவாகப் பேசுவதாக நினைத்து நீங்கள் பேசினாலே பதினோரு பேருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். இப்போது யோசித்தால், அது கேட்பதே நல்லது.

அண்ணிக்கு என் வணக்கம். உங்கள் பித்தப்பை நல்லபடியாகப் போய், நீங்கள் நல்லபடியாகத் திரும்பி வர வேண்டும்.

என்றும் அன்புள்ள,
தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது அண்ணி போன் செய்தார்கள். வலி அதிகமாகி நேற்றே ஆபரேஷன் முடிந்துவிட்டதாம், காலையிலிருந்து எங்கள் பம்ப்தான் ஓடுகிறதாம், நீங்கள் தூங்குகிறீர்களாம். எனவே மேலே எழுதிய எதையும் நம்ப வேண்டாம். அருமையான மிஷின். வார்டில் யாரும் எந்த ப்ளக்கையும் தொடக் கூடாது என்று மட்டும் அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று கேட்டார்கள், சும்மா என்றேன். காரணம் சொன்னால் பயத்தில் முதலில் ப்ளக்கைத்தான் பிடுங்குவார்கள். கடிதத்தை நானே எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மதியக் கூட்டத்துக்கு வர முடியாது என்று மேலாளருக்குப் போன் செய்தேன். "இன்னிக்கி ஃப்ரேம்வொர்க்க முடிவு பண்றோமே சார், அப்படி என்ன அவசரம்?" என்றார். நிஜப் பம்பில் ஒரு சோதனை ஓடிக்கொண்டிருக்கிறது, பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்றேன். "வெரி குட்! எதுல ஓடுது?" என்று கேட்டார்.

எங்கள் அண்ணன் உடம்பில் என்றேன்.