சித்தி நெருங்கிய உறவா?

மனிதர்களில் ஷரத்து ஞானி என்று ஒரு வகை உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், தேடிப் பாருங்கள். புது மிக்சி வாங்கினால் நாமெல்லாம் சட்னி அரைப்போம். அவர் உத்தரவாத அட்டையை அரைத்துக்கொண்டிருப்பார். கைபேசியில் 'சம்மதிக்கிறேன்' என்ற பொத்தானை ஊரே கண்ணை மூடிக்கொண்டு அழுத்தும்போது, அவர் மட்டும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை படித்து, நடுவில் ஒரு எழுத்துப்பிழையையும் கண்டுபிடித்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பி வைத்துவிட்டு, அப்புறம்தான் சம்மதிப்பார். யார் வீட்டு டிவியாவது மின்னலில் கருகி, கம்பெனிக்காரன் கையை விரித்துவிட்டான் என்று கேள்விப்பட்டால் துக்கம் விசாரிக்க முதல் ஆளாக வந்து நிற்பார். விசாரணை ஒரே கேள்விதான்.

"சின்ன எழுத்துல போட்டிருந்ததைப் படிச்சீங்களா?"

இல்லை. யார்தான் படிக்கிறார்கள்? அப்போது அவர் முகத்தில் ஒரு சாந்தி பரவும். சாமி கும்பிட்டவர்களுக்குக்கூட அப்படி வராது.

பருத்திப்பட்டு ஏரியோரத்து அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் கிருபாகரன், இந்த இனத்தில் உயர்ந்த ரகம். திண்டிவனத்துக்காரர். அம்பத்தூரில் மென்பொருள் வேலை. கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து மனைவி கலைவாணியோடு சுவிட்சர்லாந்துக்குக் குழுச்சுற்றுலா போக முடிவானபோது, எந்த மலையைப் பார்ப்பது என்பதில் அவர் தலையிடவே இல்லை. எந்தப் பயணக் காப்பீடு எடுப்பது என்பதில்தான் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடந்தார். பெட்டி தொலைந்தால் பணம், விமானம் தாமதமானால் பணம், பல் வலித்தால், நாய் கடித்தால், நெருங்கிய உறவினர் யாருக்காவது உயிருக்கே ஆபத்தாகிப் பயணத்தை ரத்து செய்ய நேர்ந்தால் என்று, உலகத்தில் உள்ள அத்தனை கெட்டதும் அடங்கிய ஒரு பாலிசியைக் கடைசியில் பிடித்துவிட்டார்.

"இனிமே எது நடந்தாலும் நமக்கு நஷ்டமில்ல," என்றார் கலைவாணியிடம்.

"நல்லது ஏதாவது நடந்தா?" என்று கேட்டாள் அவள்.

அதற்கு ஷரத்து இல்லை.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது, திருமழிசை பேருந்து நிறுத்தத்தில் கன்னியம்மாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார்.

கன்னியம்மாள் கலைவாணியின் சித்தி. அப்படிச் சொன்னால் போதாது. கலைவாணி பால்பல் விழாத வயதில் அவளைப் பெற்றவள் போய்ச் சேர்ந்தாள். அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்டு அந்தப் பக்கமே போய்விட்டார். அம்மாவின் தங்கை கன்னியம்மாள்தான் அவளைத் திருமழிசைக்குத் தூக்கிவந்து, தன் மகன் லோகேஷோடு சேர்த்து, ஒரே தட்டில் சோறு பிசைந்து வளர்த்தார். படிக்க வைத்ததும் அவர்தான், கிருபாகரனுக்குக் கட்டி வைத்ததும் அவர்தான்.

வானகரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். இதய ரத்தக்குழாயில் அடைப்பு, அறுவை சிகிச்சை செய்தாக வேண்டும், வயதும் சர்க்கரையும் இருப்பதால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே கிடந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கலைவாணி சொன்னாள்:

"நான் எங்கயும் வரலங்க."

"பின்ன? இதுக்குத்தானே பாலிசி எடுத்தது. நீ கவலையே படாதே," என்றார் கிருபாகரன். அவர் மனசார ஆறுதல்தான் சொன்னார். சொல்லிவிட்டுக் கைபேசியைத் திறந்து படிக்க ஆரம்பித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது.

"கலை, ஒரு சிக்கல்."

அவள் பதறி எழுந்தாள். "டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"டாக்டர் இல்ல, பாலிசி. நெருங்கிய உறவினர்னா புருஷன், பொண்டாட்டி, பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப் பொறந்தவங்க, மாமனார், மாமியார். அதோட நிறுத்திட்டான். சித்தி வரல."

"சித்தி உள்ள உசுருக்குப் போராடுதுங்க."

"அது சரிம்மா. லிஸ்ட்ல வரலன்னு சொல்றேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உன்னை அவங்க முறைப்படி தத்து எடுத்திருக்காங்களா? ஏதாவது பேப்பர் இருக்கா?"

மருந்துப் பையோடு வந்துகொண்டிருந்த லோகேஷ் காதில் அது விழுந்துவிட்டது. திருமழிசை தொழிற்பேட்டையில் வேலை. சீருடையைக்கூட மாற்றாமல் ஓடிவந்திருந்தான்.

"இன்னா மாமா, எங்கம்மா கலை அக்காவுக்கு இன்னா வோணும்னு கம்பெனிக்காரன கேட்டுத்தான் தெரிஞ்சிக்கணுமா? ஆப்ரேசனுக்கு ரத்தம் குடுக்க ஆளு கேக்கறாங்க. வர்றீங்களா?"

கிருபாகரன் யோசித்தார். "பயணத்துக்கு முன்னாடி ரத்தம் குடுத்தா, பாலிசில ஏதாவது..."

"வுடுங்க மாமா. எங்க கம்பெனி பசங்க வந்துகினு கீறாங்க."

ஷரத்து ஞானி அத்தனை சுலபத்தில் தோல்வியை ஒப்புக்கொள்வாரா? கீழே வாகன நிறுத்தத்துக்கு இறங்கிப்போய், காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டார். நிஷா என்று ஒரு பெண் எடுத்தாள்.

"சித்தின்னா யாரும்மா? சிற்றன்னை! சின்னம்மா! அந்த வார்த்தைக்குள்ளயே அம்மா இருக்கா, இல்லையா?"

"இருக்காங்க சார்."

"அப்ப பெத்தவங்கங்கிற இடத்துல வந்தாச்சு."

"பாலிசி இங்கிலீஷ்ல இருக்கு சார். அதுல அவங்க ஆன்ட்டி."

ஆன்ட்டி! பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி, மாடிவீட்டுக்காரம்மா, அத்தனை பேரையும் ஒரே கூடையில் போட்டு மூடிவிட்ட அந்த மொழியின்மேல் கிருபாகரனுக்கு வாழ்நாளில் முதன்முறையாகக் கோபம் வந்தது. தமிழின் உறவுமுறைச் செல்வத்தைப் பற்றிக் கார்களுக்கு நடுவே நின்று முழங்கினார். கன்னியம்மாள் பட்ட பாட்டையும், அவர் பிசைந்து போட்ட சோற்றையும், தாய்க்கு நிகரான அவருடைய தியாகத்தையும் சொல்லச் சொல்ல அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கல்யாணமான நாள்முதல் அந்த அம்மாளை 'அவங்க' என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லிக் கூப்பிட்டிராத மனிதர் அவர்.

நிஷா பொறுமையாகக் கேட்டுவிட்டு, முடியாது என்பதை மூன்று விதமாகச் சொன்னாள். பிறகு கேட்டாள்:

"இப்ப அவங்களுக்கு எப்படி சார் இருக்கு?"

கிருபாகரன் வாயைத் திறந்தார். எப்படி இருக்கிறது? காலையிலிருந்து இதே கட்டடத்தில்தான் இருக்கிறார். டாக்டர் வந்து பேசினார், இவர் கைபேசியில் இருந்தார். கன்னியம்மாள் கண் விழித்தாரா, அறுவை சிகிச்சை இன்றைக்கா நாளைக்கா, எதுவும் தெரியாது.

"பார்க்கணும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அந்தக் கேள்வி, கம்பெனி அந்தப் பெண்ணுக்கு எழுதிக்கொடுத்த வசனமாகக்கூட இருக்கலாம். ஆனால் அவர் உடனே மேலே போய்ப் பார்த்தாரா? அதுதான் இல்லை. பட்டியலில் இடம்பெறக்கூடியவர்கள் வேறு யார் இருக்கிறார்கள் என்று அவர் மூளை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. திண்டிவனத்துக்குப் போன் போட்டார்.

"அப்பா, உடம்பெல்லாம் எப்படிப்பா இருக்கு?"

மகன் தானாக இப்படிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! கிழவர் உற்சாகமாக ஒப்பித்தார். "நல்லா இருக்கேன்டா. சுகரு, பிரஷரு ஒண்ணும் கிடையாது. காலையில ஏரிக்கரை வரைக்கும் நடந்துட்டு வர்றேன்."

"அப்படியா..." என்றார் மகன். சுருதி கொஞ்சம் இறங்கியிருந்தது. "நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"கல்லு மாதிரி இருக்கேன்டா!"

அப்பாவுக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று கிருபாகரன் நினைக்கவே இல்லை. சத்தியமாக இல்லை. விசாரித்தார், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் முழுக்கக் கிழவர் தெருவில் ஒவ்வொருவராக நிறுத்தி, பிள்ளை அக்கறையாகப் போன் பண்ணியதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கன்னியம்மாள் கண் விழித்தார். கலைவாணி அவர் கையைப் பிடித்தபடியே கணவரிடம் சொன்னாள்:

"நீங்க வேணா போயிட்டு வாங்க."

எந்த ஒப்பந்தத்திலும் எந்த மூலையில் ஒளிந்திருக்கும் சின்ன எழுத்தையும் கண்டுபிடித்துவிடுகிற கிருபாகரன், அந்த 'வேணா'வை மட்டும் படிக்காமல் விட்டுவிட்டார். போய்விட்டார்.

சுற்றுலாப் பேருந்தில் இவர் பக்கத்து இருக்கை மட்டும் காலி. மனைவி வரவில்லையா என்று கேட்டவர்களிடமெல்லாம், சித்திக்கு உடம்பு சரியில்லை, சித்தி பட்டியலில் இல்லை என்று விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு மலையடிவாரத்தில் பனியில் நின்று தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளப் பின்னால் நகர்ந்தவர் வழுக்கி விழுந்தார். கணுக்கால் முறிந்தது.

வலியில் உயிரே போயிற்று. ஆனாலும் தூக்கிக்கொண்டு போனவர்களிடம், "எல்லாம் கவர் ஆகும்," என்று அவர் சொல்லிக்கொண்டே போனதாகக் கேள்வி. சொன்னபடியே ஆயிற்று. கம்பெனி அறுவை சிகிச்சையை ஏற்றுக்கொண்டது, தனி அறை கொடுத்தது. அதோடு நிற்காமல், அந்தப் பாலிசியின் ஒரு ஷரத்துப்படி, நோயாளிக்குத் துணையாக ஓர் ஆளைத் தன் செலவில் வரவழைத்துத் தருவதாகக் கலைவாணிக்குப் போனும் செய்தது.

"ஆளு சீரியஸா?" என்று கேட்டாள் கலைவாணி.

"இல்ல மேடம், கணுக்கால்தான். ஆபரேஷன் நல்லா முடிஞ்சிடுச்சு."

"யாரு வேணா வரலாமா?"

"நெருங்கிய உறவினர் மட்டும் மேடம்."

"அப்படின்னா என்னாலதான் வர முடியும், மாமனாருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எங்க சித்திக்குத் தையல் இன்னும் ஆறல. நான் வரல."

அந்தச் செய்தியை மருத்துவமனையில் கிருபாகரனுக்கு மரியாதையாகத் தெரிவித்தார்கள். சன்னலுக்கு வெளியே பனி பெய்துகொண்டிருந்தது. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று தமிழில் கேட்க ஓர் ஆள் இல்லை. எல்லாச் செலவும் யாரோ ஏற்றுக்கொண்டு, மெத்தென்ற தலையணையில் சாய்ந்து கிடந்த அந்த மனிதர், சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதார்.

சென்னை விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தபோது, வெளியே யாரும் வந்திருப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. லோகேஷ் நின்றுகொண்டிருந்தான்.

"இன்னா மாமா, அப்டியே பாத்துகினு கீறீங்க? என் தோள புடிச்சிக்கினு வண்டில ஏறுங்க. உங்க ஃபிளாட்ல லிஃப்ட் ரிப்பேராம். நம்ம ஊட்டுக்குத்தான் போறோம்."

திருமழிசை வீட்டுக் கூடத்தில் இரண்டு கட்டில். ஒன்றில் கன்னியம்மாள், மற்றதில் கிருபாகரன்.

"இன்னா மாப்ள," என்றார் கன்னியம்மாள், "கால ஒடைச்சிக்கறதுக்கா அம்மாந்தூரம் போனீங்க? நம்ம ரோட்ல இல்லாத பள்ளமா?"

சிரித்தால் தையல் இழுக்கும் என்று நெஞ்சை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கிருபாகரனும் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

கன்னியம்மாளைப் பார்க்க அந்தத் தெருவே வந்தது. பழைய வயல்காட்டுக் குடும்பங்கள், தொழிற்பேட்டைப் பையன்கள், ரத்தம் கொடுத்தவர்கள். எவருக்கும் அவர் எந்த முறையிலும் நெருங்கிய உறவினர் இல்லை. ஒருத்தி கஞ்சி கொண்டுவந்தாள், கேட்காமலேயே இவருக்கும் ஒரு கிண்ணம். கலைவாணி மட்டும் வேளாவேளைக்குத் தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் போய்க்கொண்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம் அவள் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, கிருபாகரன் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"நான் போயிருக்கக் கூடாது, கலை."

"இப்பவாவது தெரிஞ்சுதே," என்றாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "குழம்பு ஆறிடும், சாப்பிடுங்க," என்று பக்கத்தில் உட்கார்ந்தாள்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்கள். ஷரத்து ஞானிகளின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே கிடையாது. மறுநாள் காலையில் பல்கூடத் தேய்க்காமல், பக்கத்துக் கட்டிலைத் தட்டி எழுப்பினார்.

"சித்தி! ராத்திரி தேடிக் கண்டுபிடிச்சிட்டேன். ஒரு பாலிசில சித்தியையும் சேர்த்திருக்கான்!"

கன்னியம்மாள் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார்.

"அப்ப அடுத்த வாட்டி தெகிரியமா வுழலாம்னு சொல்லுங்க," என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் பாலிசி எடுத்தவர் இல்லை, சின்ன எழுத்தையெல்லாம் படிக்கிறவரும் இல்லை, உங்களுக்கென்ன. ஆனால் போன வருஷம் ஊரிலிருந்து போன் வந்ததே, பெரியப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று. "ஐயையோ" என்று பதறிவிட்டு, "இன்னும் எத்தனை நாள் தாங்குவாராம்?" என்று கேட்டீர்கள். அது பெரியப்பாவுக்காகக் கேட்டதா, சனிக்கிழமை ஊட்டி ரயிலுக்காகக் கேட்டதா?